மேலை இசை – வாசகர் கேள்விகள்: ஜாஸ் உருப்படிகள் எங்கிருந்து பிறக்கின்றன?

ஜாஸ் கலைஞர்கள் தாமே இயற்றும் உருப்படிகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். ஓர் உருப்படிக்குத் தூண்டுதலாக அமைந்த பொருளை அதன் தலைப்பில் தேடுவதைவிட, அதன் தாளத்திலும் சுர அமைப்பிலும் தேடுவதே பலன் தரும் என்பது அக்குறிப்பின் சாரம். அதை விளக்கும்படி கேட்டும் மறுத்தும் வந்த கடிதங்களில் பெரும்பகுதி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்தவை. நானும் கோத்தகிரியில் குடியிருப்பவன் என்பதால், இம்முறை இடம் முழுவதையும் மலைக்காரர்களுக்கே ஒதுக்கிவிட்டேன். சமவெளி வாசகர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

ஜாஸ் என்றாலே மேடையில் அந்தந்த நேரத்தில் கற்பனையாக வாசிப்பது என்கிறார்கள். அப்படியானால் ‘இவர் இயற்றிய உருப்படி’ என்று ஒருவர் பெயரைச் சொல்வது எப்படிப் பொருந்தும், ஐயா?
– வங்கி ஊழியர், குன்னூர்

நம் கச்சேரியில் கீர்த்தனையின் பல்லவியும் அனுபல்லவியும் சரணமும் முன்னரே அமைந்தவை. நிரவலும் கற்பனைச் சுரமும் பாடுபவருடையவை. ஜாஸிலும் ஏறக்குறைய இதே பங்கீடுதான். இயற்றுபவர் தருவது ஒரு மெட்டும், அதன் அடியில் ஒன்றன்பின் ஒன்றாக நகரும் கார்டுகளின் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களின்) வரிசையும் மட்டுமே; பெரும்பாலும் இரண்டும் ஒரே தாளில் அடங்கிவிடும். பன்னிரண்டு அல்லது முப்பத்திரண்டு தாளக் கட்டங்கள் கொண்ட அந்த அமைப்பை எல்லோருமாக ஒருமுறை வாசித்துவிட்டு, பிறகு ஒவ்வொருவராக அதே கார்டு வரிசையைச் சுற்றிச் சுற்றி வந்து தம் கற்பனையை வாசிப்பார்கள். முடிவில் மெட்டுக்குத் திரும்புவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சில நேரங்களில் தூண்டுதலாக இருப்பது இன்னொருவருடைய பாட்டேதான். ஜார்ஜ் கெர்ஷ்வின் 1930-இல் ஒரு நாடகத்துக்காக எழுதிய ‘ஐ காட் ரிதம்’ பாட்டின் கார்டு வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே புது மெட்டு அமைத்த ஜாஸ் உருப்படிகளுக்குக் கணக்கே இல்லை. சார்லி பார்க்கரும் பென்னி ஹாரிஸும் பெயரிட்டு வெளியிட்ட ‘ஆர்னிதாலஜி’க்கு அடித்தளம் ‘ஹவ் ஹை த மூன்’ என்ற பழைய பாட்டு. பதிப்புரிமை மெட்டுக்கும் சொற்களுக்கும்தான். கார்டு வரிசைக்கு யாரும் உரிமை கோரும் வழக்கம் இல்லை என்பதால், இவ்வழி செலவில்லாததாகவும் இருந்தது. ‘ஆர்னிதாலஜி’ என்றால் பறவையியல். ஆனால் அந்த உருப்படியில் பறவை எதுவும் கூவவில்லை. பார்க்கருக்கு நண்பர்கள் வைத்த பட்டப்பெயர் ‘பறவை’, அவ்வளவுதான்.

டியூக் எலிங்டனின் ‘இஸ்பஹான்’ என்ற உருப்படியைக் கண்களை மூடிக் கேட்டால் ஈரான் நாட்டின் அந்தப் பழைய நகரமே மனக்கண்ணில் விரிகிறது. தலைப்பை நம்பக் கூடாது என்று தாங்கள் எழுதியது இந்த அனுபவத்துக்கு எதிராக இருக்கிறதே!
– பள்ளி ஆசிரியை, கோத்தகிரி

உங்கள் மனக்கண்ணில் விரிந்ததை நான் மறுக்கவில்லை, அம்மா. ஆனால் அந்த மெட்டை எழுதியவர் அதை எழுதும்போது இஸ்பஹானைப் பார்த்திருக்கவில்லை. இக்கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தூண்டுதலைப் பற்றிய என் கருத்து முழுவதும் இந்த ஒரே ஆல்பத்தில் இரு பக்கமும் சோதிக்கப்பட்டிருக்கிறது.

1963-ஆம் ஆண்டு அமெரிக்க வெளியுறவுத் துறை எலிங்டனையும் அவருடைய வாத்தியக் குழுவையும் மேற்காசியாவுக்கும் தெற்காசியாவுக்கும் அனுப்பியது. டமாஸ்கஸ், காபூல், டெல்லி, பம்பாய், கல்கத்தா, கொழும்பு, பாக்தாத் என்று நீண்ட பயணம் அது. நவம்பர் 22-ஆம் தேதி அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதும் பாதியில் நின்றது. எலிங்டனோடு சென்றவர் பில்லி ஸ்ட்ரேஹார்ன். பல்லாண்டுகள் அவரோடு சேர்ந்தே இசை எழுதியவர், பல உருப்படிகளில் யார் கை எங்கே முடிகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு நெருங்கியவர். இருவரும் அப்பயணத்திலிருந்து உருவாக்கிய தொகுப்பு 1966 டிசம்பரில் பதிவாகி, ‘த ஃபார் ஈஸ்ட் ஸ்வீட்’ என்ற பெயரில் 1967-இல் வெளிவந்தது. தூரக் கிழக்கு என்று பெயர் வைத்தார்களே தவிர, ஒன்பது பகுதிகளில் எட்டு நம் பக்கத்து நாடுகளைச் சுற்றியவை. ஜப்பானைப் பற்றிய ஒன்றே ஒன்றுதான் பெயருக்குப் பொருந்துகிறது.

இத்தொகுப்பில் நீங்கள் கேட்ட ‘இஸ்பஹான்’ மெட்டை ஸ்ட்ரேஹார்ன் பயணத்துக்கு முன்பே, ‘எல்ஃப்’ என்ற பெயரில் எழுதி வைத்திருந்தார். எல்ஃப் என்பது மேலைநாட்டுக் கதைகளில் வரும் குறும்புக்காரக் குட்டித் தேவதை. பிறகு தொகுப்பில் சேர்க்கும்போது ஊர்ப்பெயர் சூட்டப்பட்டது. நீங்கள் கேட்டு உருகியது பாரசீக மண்ணின் மணத்தை அல்ல. ஜானி ஹாட்ஜஸ் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு ஆல்டோ சாக்ஸபோனில் வழுக்கிச் செல்லும் அந்தக் குழைவைத்தான். ஸ்ட்ரேஹார்னுக்கு உண்மையான தூண்டுதல் ஒரு நகரமன்று. அந்த மனிதரின் மூச்சு. எலிங்டன் குழுவில் எழுதியவர்கள் வாத்தியத்துக்கு எழுதவில்லை, வாசிப்பவருக்கு எழுதினார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே தொகுப்பில் ‘புளூபேர்ட் ஆஃப் டெல்லி’ என்றொரு பகுதி இருக்கிறது. அதன் துணைத் தலைப்பே ‘மைனா’. டெல்லியில் ஸ்ட்ரேஹார்ன் தங்கிய அறைக்கருகே ஒரு மைனா திரும்பத் திரும்ப ஒரே சிறு சொற்கட்டைக் கத்திக்கொண்டிருந்தது. அந்தக் கூவலே ஜிம்மி ஹாமில்டனின் கிளாரினெட்டில் வந்து, குழு முழுவதும் கீழே என்ன செய்தாலும் அசையாமல் தன் பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருக்கிறது. இங்கே தலைப்பை அடித்துவிட்டாலும் தூண்டுதல் சுரங்களில் நிற்கும். இதுதான் நான் சொன்ன வேறுபாடு. தாம் கேட்ட கீழை இசையை அப்படியே நகலெடுக்க விருப்பமில்லை, அது தமக்குள் ஊறி உருமாறிய பிறகே எழுத்தில் வரவேண்டும் என்ற கருத்தை எலிங்டனும் சொல்லியிருக்கிறார். பயணம் 1963, பதிவு 1966 என்பதைப் பார்த்தால், ஊற விட்டிருக்கிறார் என்றே தோன்றுகிறது.

தலைப்பு பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட இன்னொரு உருப்படி ஹெர்பி ஹான்காக்கின் ‘மெய்டன் வாயேஜ்’. 1965-இல் வெளிவந்த அந்த இசையைக் கேட்டவர்கள் கடலையும் கப்பலையும் அலையையும் கண்டு மகிழ்கிறார்கள். முதலில் அது ஒரு வாசனைத் திரவத்தின் தொலைக்காட்சி விளம்பரத்துக்காக எழுதப்பட்டது.

நான் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ரயிலோசையை வைத்து ஜாஸ் இயற்றியவர்கள் உண்டா? நம் மலை ரயிலை அப்படி எழுத முடியுமா?
– உதகமண்டலம்

உண்டு, ஏராளமாக உண்டு. ‘ஹாங்கி டாங்க் டிரெய்ன் புளூஸ்’ என்ற பியானோ உருப்படியை மீட் லக்ஸ் லூயிஸ் 1927-இலேயே பதிவு செய்தார். இடக்கை சக்கரங்களாக ஓட, வலக்கை வேறு கணக்கில் தண்டவாள இணைப்புகளைத் தட்டும். எலிங்டனின் ‘டேபிரேக் எக்ஸ்பிரஸ்’ 1933-ஐச் சேர்ந்தது. வண்டி மெல்ல நகரத் தொடங்குவதும், வேகம் பிடிப்பதும், ஊதல் ஒலிப்பதும், பிரேக் பிடித்து நிற்பதும் மூன்றே நிமிடத்துக்குள் பித்தளைக் குழல்களில் வந்துவிடுகின்றன. அவருக்கு ரயில் வெறும் வேடிக்கைப் பொருள் அல்ல. நிறவெறி தலைவிரித்தாடிய தென் மாநிலங்களில் கறுப்பினக் கலைஞர்களுக்குத் தங்கும் விடுதிகளில் இடமில்லை என்பதால், அவர் குழு தனி ரயில் பெட்டிகளை வாடகைக்கு எடுத்து அவற்றிலேயே உண்டு உறங்கிப் பயணம் செய்தது. இரவெல்லாம் அந்த ஓசைக்குள்ளேயே கிடந்த மனிதர் எழுதிய இசை அது. பின்னர் 1946-இல் ‘ஹேப்பி கோ லக்கி லோக்கல்’ என்று எழுதினார். அது விரைவு வண்டியல்ல, ஒவ்வோர் ஊரிலும் நின்று முனகிக்கொண்டு போகும் பாசஞ்சர் வண்டி. எனக்கு இரண்டாவதுதான் மேல். வேகத்தை இசையில் காட்டுவது எளிது, சோம்பலைக் காட்டுவது கடினம். (ஜான் கோல்ட்ரேனின் ‘புளூ டிரெய்ன்’ என்ற தலைப்பைப் பார்த்து ரயிலைத் தேடாதீர்கள், ‘டிரெய்ன்’ என்பது அவருடைய பெயரின் வாலும்கூட.)

நம் மலை ரயிலைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியவர், இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இலும், உதகை வரை 1908-இலும் வந்த இப்பாதையில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் பன்னிரண்டு அடி தூரம் போனால் ஓரடி ஏறும் செங்குத்தில், தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல்சட்டத்தை எஞ்சினின் பல்சக்கரம் கவ்வி ஏறுகிறது. அந்த நீராவி எஞ்சினில் நான்கு உருளைகள். இரண்டு ஓடுசக்கரங்களைச் சுழற்றுகின்றன, மற்ற இரண்டு பல்சக்கரங்களைச் சுழற்றுகின்றன. எனவே ஒரே எஞ்சினிலிருந்து இரண்டு தனித்தனி ‘சுக் சுக்’ ஓசைகள் எழுகின்றன, சில நேரம் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன, சில நேரம் விலகுகின்றன. ஜாஸ் டிரம்ஸ் வாசிப்பவர் கையில் ஒரு கணக்கும் காலில் ஒரு கணக்கும் வைத்துக்கொண்டு செய்கிற வேலை இதுவே. எலிங்டனின் சமவெளி ரயில்கள் எதிலும் இந்த வசதி கிடையாது. எழுதுபவர் விரைவு வண்டியின் பழைய சூத்திரத்தைப் பின்பற்றாமல், ஏற்றத்தில் இரண்டு கணக்கும் இழுபறியாகப் போவதைப் பிடித்தால் போதும். ஊதலைத் தொடவே வேண்டாம், அது எல்லோரும் செய்வது.

‘டேக் ஃபைவ்’ உருப்படி நம் கண்ட சாபுதானே? பிரூபெக் இந்தியாவிலிருந்து எடுத்தாரா?
– மிருதங்க மாணவர், கூடலூர்

எண்ணிக்கை ஐந்து என்ற அளவில் ஒப்பு உண்டு. ஆனால் கண்ட சாபு இரண்டும் மூன்றுமாக விழுகிறது, ‘டேக் ஃபைவ்’ மூன்றும் இரண்டுமாக விழுகிறது. அதை இயற்றியவரும் பியானோ கலைஞர் டேவ் பிரூபெக் அல்லர். அவர் குழுவின் சாக்ஸபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட். டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோ ஐந்து கணக்கில் வாசித்துப் பழகிக்கொண்டிருந்ததுதான் தூண்டுதல். டெஸ்மண்ட் தம் உருப்படிகளின் வருமானத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதி வைத்துவிட்டு 1977-இல் காலமானார்.

பிரூபெக் பயணத்திலிருந்து எடுத்தது வேறொன்று. 1958-இல் அவர் குழுவும் அரசு ஏற்பாட்டில் துருக்கி, இந்தியா உள்ளிட்ட நாடுகளுக்கு வந்தது. இஸ்தான்புல் தெருவில் சிலர் ஒன்பது கணக்கில் வாசித்ததைக் கேட்டு வியந்து, அதை வைத்து ‘புளூ ரோண்டோ ஆ லா டர்க்’ எழுதினார். 1959-இல் வெளிவந்த ‘டைம் அவுட்’ ஆல்பத்தில் அது முதல் உருப்படி. நீங்கள் படித்த சங்கீர்ணம் ‘தகதிமி தகதகிட’ என்று நான்கும் ஐந்துமாக நடக்கும். இது ‘தக தக தக தகிட’ என்று மூன்று முறை நடந்து, நான்காம் முறை ‘தகிட தகிட தகிட’ என்று மாறும். கையால் தட்டிப் பாருங்கள், இரண்டு நிமிடத்தில் பிடிபட்டுவிடும். கற்பனை வாசிக்க வேண்டிய இடம் வந்ததும் இந்த ஒன்பது கணக்கை விட்டுவிட்டு வழக்கமான நான்குக்குத் தாவிவிடுகிறார்கள் என்பது எனக்குச் சிறு ஏமாற்றம். நம் தனி ஆவர்த்தனத்தில் தாளத்தை மாற்றிக்கொண்டு தப்பிக்க வழியில்லை.

சொற்களே இல்லாத இசையில் துக்கத்தையோ கோபத்தையோ, அதுவும் ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியைப் பற்றிய கோபத்தை, எப்படிச் சொல்ல முடியும்?
– கல்லூரி மாணவி, கொடைக்கானல்

இம்மாதக் கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி உங்களுடையது.

கோபத்திலிருந்து தொடங்குவோம். 1957-இல் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில், வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளியில் சேர வந்த ஒன்பது கறுப்பின மாணவர்களைத் தடுக்க ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ் படையை நிறுத்தினார். பாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ் அவரைப் பழித்து ‘ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்’ எழுதினார். 1959-இல் கொலம்பியா நிறுவனம் சொற்களை அனுமதிக்காததால் வாத்திய இசையாகவே அது வெளிவந்தது. மறு ஆண்டு வேறொரு நிறுவனத்துக்காகச் சொற்களோடும் பதிவு செய்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். சொல் இல்லாத பதிவே எனக்குக் கூர்மையாகப் படுகிறது. கோமாளி நடந்து வருவதுபோல் அசைந்தாடும் மெட்டு அது. ஆளுநரைத் திட்டவில்லை, அவரைப் போல் நடந்து காட்டுகிறது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவைப் பழிக்கும் முறையும் இதுதானே!

துக்கத்துக்கு அதே மிங்கஸ், அதே ஆண்டு. சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங் 1959 மார்ச் 15-ஆம் தேதி இறந்தார். தட்டையான உச்சி கொண்ட ஒருவகைத் தொப்பியை விடாமல் அணிந்தவர். இரண்டு மாதம் ஆவதற்குள் மிங்கஸ் ‘குட்பை போர்க் பை ஹாட்’ என்ற இரங்கலிசையைப் பதிவு செய்துவிட்டார். அதன் உருவம் பன்னிரண்டு கட்ட புளூஸ், லெஸ்டர் யங் ஆயிரம் முறை வாசித்திருக்கக்கூடிய மிகச் சாதாரணமான உருவம். ஆனால் வழக்கமாக மூன்று நான்கு கார்டுகளோடு நிற்கும் அந்த உருவத்தில், ஏறக்குறைய ஒவ்வோர் அடிக்கும் கார்டு மாறி மெட்டின் காலடியில் நிலம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. துக்கம் இருப்பது தொப்பியைக் குறிக்கும் தலைப்பில் அன்று, அந்த நகர்வில்.

இனி கோல்ட்ரேன். 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை, அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் ஒரு தேவாலயத்தில் நிறவெறியர்கள் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் மாண்டார்கள். நவம்பரில் கோல்ட்ரேன் ‘அலபாமா’ என்ற உருப்படியைப் பதிவு செய்தார். தொடக்கத்தில் பியானோ தாழ்ந்த சுரங்களில் தம்புரா போல நடுங்கி நிற்க, சாக்ஸபோன் தாளக்கட்டு எதுவுமின்றி, பேசுவதுபோல் நிறுத்தி நிறுத்திச் செல்கிறது. நடுவில் சிறிது நேரம் தாளம் பிடித்து நடக்கிறார்கள்; பிறகு மீண்டும் அந்தத் தாளமற்ற பேச்சு. நம் கச்சேரியில் விருத்தம் பாடுவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை.

விருத்தம் என்று சொன்னதை அவர் மறு ஆண்டே நேராகச் செய்து காட்டினார். 1964 டிசம்பரில் பதிவான ‘எ லவ் சுப்ரீம்’ நான்கு பகுதிகள் கொண்டது. கடைசிப் பகுதியான ‘சாம்’ முழுவதும், இறைவனை நோக்கித் தாம் எழுதிய ஒரு கவிதையை அசை அசையாகச் சாக்ஸபோனில் ‘படித்தது’தான். கவிதை ஆல்பத்தின் உறையிலேயே அச்சாகியிருக்கிறது. ஆக, உங்கள் கேள்விக்கு ஒரு விடை: சொற்கள் இல்லாத இசை என்று நாம் நினைப்பதில் சில நேரம் சொற்கள் மறைந்திருக்கின்றன.

தமிழ்நாட்டுக்காரர் எவரேனும் ஜாஸ் உருப்படிக்குத் தூண்டுதலாக இருந்ததுண்டா?
– தேயிலைத் தொழிற்சாலை மேற்பார்வையாளர், மஞ்சூர்

உண்டு. நீங்கள் மலையிறங்கினால் வரும் கோயம்புத்தூருக்கு அருகே, செட்டிபாளையத்தில் 1914-இல் பிறந்தவர் சுவாமி சச்சிதானந்தா. 1966-இல் அமெரிக்கா சென்றார். 1969-இல் வுட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடக்கவுரை ஆற்றித் தொடங்கி வைத்தவர் அவரே. கணவர் ஜான் கோல்ட்ரேன் 1967-இல் இறந்தபின் ஆழ்ந்த துயரத்தில் இருந்த ஆலிஸ் கோல்ட்ரேன் அவரிடம் அமைதி தேடி வந்தார். 1971-இல் வெளிவந்த ஆலிஸின் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ ஆல்பத்தின் தலைப்பு உருப்படியில், பாஸ் வாத்தியம் ஒரே சிறு சுரவரிசையைத் தொடக்கம் முதல் இறுதி வரை நாமாவளி போலத் திரும்பச் சொல்ல, கீழே தம்புரா, மேலே ஆலிஸின் ஹார்ப், பக்கத்தில் ஃபேரோ சாண்டர்ஸின் சாக்ஸபோன் என்று அமைந்திருக்கிறது. இதில் கர்நாடக ராகம் எதையும் தேடிக் களைத்துப் போக வேண்டாம். கார்டுகள் மாறி மாறிப் போவது ஜாஸின் வழக்கம். இங்கே அவை மாறவே இல்லை. குருவிடமிருந்து அவர் பெற்றது ராகமல்ல, நிலைத்து நிற்கும் துணிவு என்றே எனக்குப் படுகிறது. இந்த ஜபத்தன்மைக்கு ஜான் கோல்ட்ரேனே முன்னோடி. 1961-இல் ‘இந்தியா’ என்ற உருப்படியை வாசித்தவர், தம் மகனுக்கு ரவிசங்கரின் நினைவாக ரவி என்று பெயரிட்டவர்.

மனைவி, மக்கள், பெற்றோர், தெரு வியாபாரி போன்ற எளிய விஷயங்களை வைத்து யாரும் இயற்றவில்லையா?
– இல்லத்தரசி, வெலிங்டன்

உண்மையில் அவைதாம் அதிகம். ‘வாட்டர்மெலன் மேன்’ என்பது ஹான்காக் 1962-இல் தம் முதல் ஆல்பத்துக்கு எழுதியது; சிகாகோவில் சிறுவயதில் கேட்ட தர்பூசணி வண்டி கற்கள் பாவிய சந்தில் உருண்ட ஓசை பியானோவிலும், வீட்டுப் பெண்கள் வியாபாரியைக் கூவி அழைத்தது மெட்டிலும் இருக்கின்றன. ஹொரேஸ் சில்வரின் ‘சாங் ஃபார் மை ஃபாதர்’ கேப் வெர்டே தீவிலிருந்து வந்த தந்தைக்கு. உறையிலும் தந்தையின் படமே. பில் எவன்ஸின் ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ அண்ணன் மகளுக்கு. அதே எவன்ஸ், தம் தயாரிப்பாளர் ஆரின் கீப்நியூஸின் பெயரில் உள்ள எழுத்துகளைக் கலைத்துப் போட்டு ஓர் உருப்படிக்குத் தலைப்பாக வைத்தார், குறுக்கெழுத்துப் பிரியர்போல.

தெலோனியஸ் மங்க்கின் ‘கிரெபஸ்கியூல் வித் நெல்லி’யை மட்டும் தனியாகச் சொல்கிறேன். 1957-இல் மனைவி நெல்லி அறுவைச் சிகிச்சைக்கு உட்பட்டிருந்த காலத்தில் எழுதியது. மற்ற எல்லாவற்றிலும் கற்பனை வாசிக்கும் மங்க், இதில் ஒரு சுரத்தைக்கூட மாற்றாமல், எழுதியதை எழுதியபடி வாசித்துவிட்டு எழுந்துவிடுவார். மனைவிக்குச் சொன்னதில் பிறர் கைவைக்க வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ.

நான் படுகர் சமுதாயத்தைச் சேர்ந்தவன். நண்பர்களோடு சிறு ஜாஸ் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். எங்கள் ஊர் மூடுபனி, தேயிலைத் தோட்டம், ஹெத்தையம்மன் பண்டிகை ஆகியவற்றை வைத்து இயற்ற ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
– கோத்தகிரி அருகே ஒரு ஹட்டி

மூடுபனியை விட்டுவிடுங்கள், தம்பி. அதற்கு ஓசை கிடையாது. மூடுபனி என்று தலைப்பிட்டு, கீபோர்டில் ‘ஸ்டிரிங்ஸ்’ ஒலியை மெல்லப் பரப்பி வைக்கும் இசையை நாம் வேண்டிய அளவு கேட்டாயிற்று. பனி வேண்டுமென்றே நினைத்தால், பனிநாளில் தகரக் கூரை விளிம்பிலிருந்து நீர் சொட்டும் கணக்கைக் கேளுங்கள்; அது சீராக இருக்காது, சீரற்றும் இருக்காது. தொழிற்சாலையில் இலை வாட்டும் விசிறிகளின் ஒரே சுருதி, அதன்மேல் இலை அரைக்கும் உருளைகளின் இரைச்சல், இடையில் சங்கு என்று மூன்று அடுக்கு உங்களுக்குத் தயாராகவே இருக்கிறது.

பறவைகளையும் கவனியுங்கள். சோலையோர ஓடைகளில் விடியலில் சீட்டியடிக்கும் சீகாரப் பூங்குயிலின் குரலை உங்கள் கீபோர்டில் தேடினால், சுரங்கள் கட்டைகளுக்கு இடையில் விழுவதைக் காண்பீர்கள். ஜாஸ் கலைஞர் எரிக் டால்ஃபி இதையே 1962-இல் ஒரு பேட்டியில் குறிப்பிட்டார்: பறவைகளிடம் நம் சுரங்களுக்கு நடுவில் உள்ள சுரங்கள் இருக்கின்றன, அவற்றைப் புல்லாங்குழலில் பிடிக்கத் தாம் முயல்வதாக. கீபோர்டில் அது வராது. உங்கள் குழுவில் குழலோ சாக்ஸபோனோ வாசிப்பவரிடம் அதை ஒப்படைத்துவிட்டு, அது தவறிவிழும் இடத்துக்கு நீங்கள் கார்டு வையுங்கள்.

பண்டிகை இசையில் கொஞ்சம் நிதானம் தேவை. வட்டமாக நின்று ஆடும் உங்கள் ஆட்டத்தின் அடிவைப்பு உங்களுடையது, தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மலையில் நெடுங்காலமாக மற்றச் சமுதாயங்களின் சடங்குகளுக்கும் வாத்தியம் வாசித்தவர்கள் கோத்தர்கள். அவர்களிடம் தெய்வத்துக்கு உரிய மெட்டு வேறு, சாவுக்கு உரிய மெட்டு வேறு. ஒன்றை மற்றதன் இடத்தில் வாசிப்பதில்லை. காதுக்கு இனிமையாகப் பட்டது என்பதற்காகச் சாவு மெட்டைத் தூக்கிக் கல்யாண வரவேற்பில் வாசித்துவிட்டால் அது உங்களுக்குத்தான் தலைக்குனிவு. பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டு, அனுமதி பெற்று எடுங்கள்.

குறிஞ்சித் திணைப் பாட்டில் மலையும் யாமமும் முதற்பொருள், வேங்கை மரமும் மயிலும் கருப்பொருள், கூடல் உரிப்பொருள் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அருவியை வருணிப்பதோடு நின்ற சங்கப் புலவர் யாருமில்லை. அருவி வழியே தலைவியின் நிலைக்கு வந்து சேர்ந்தார்கள். மிங்கஸும் மங்க்கும் செய்தது அதுதான். தொழிற்சாலைச் சங்கு உங்களுக்கு எதை நினைவூட்டுகிறது, வேலை முடிந்து வரும் அம்மாவையா, வேலைக்குப் போக மனமில்லாத காலையையா என்பதை முடிவு செய்துவிட்டால், மெட்டு ஏறுமுகமா இறங்குமுகமா என்பது தானாகத் தெளிவாகும். முதலில் நான்கு கட்டங்கள் மட்டும் எழுதி, தலைப்பைச் சொல்லாமல் குழுவிடம் கொடுங்கள். அவர்களுக்குக் கற்பனை வாசிக்கக் கை துறுதுறுத்தால் வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பை விளக்கிய பிறகுதான் பிடிக்கிறது என்றால் கிழித்துப் போடுங்கள்.

இவற்றையெல்லாம் முதன்முறை கேட்பவர் எந்த வரிசையில் கேட்கலாம்?
– நூலகர், கொடைக்கானல்

‘வாட்டர்மெலன் மேன்’ முதலில்; அதற்கு எந்த முன்னறிவும் தேவையில்லை. அடுத்து ‘டேபிரேக் எக்ஸ்பிரஸ்’, ‘ஹேப்பி கோ லக்கி லோக்கல்’ இரண்டையும் ஒரே மூச்சில். பிறகு ‘குட்பை போர்க் பை ஹாட்’. ‘எ லவ் சுப்ரீம்’ ஆல்பத்தை ஒரு மாதம் கழித்து எடுங்கள். நான்காம் பகுதி தொடங்கும்போது கவிதையை முன்னால் விரித்துக்கொண்டு, சாக்ஸபோனோடு சேர்ந்து விரலால் வரி வரியாகத் தொடர்ந்து வாருங்கள்.